நிறுத்தாமல் ஓடிய சர்வர்

பதிவகத்தில் அவளை எல்லோரும் சர்வரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். எலும்பு மஜ்ஜை தர முன்வந்தவர்களின் பெயரும் முகவரியும் அவள் பார்த்துக்கொண்ட சர்வர் கணினியில் மட்டும் இருந்தன. ரத்த மாதிரியோடு ஆய்வகத்துக்குப் போனது வெறும் எண்.

அவளுடைய அக்கா மகளுக்கு ரத்தப் புற்று. எத்தனையோ பேரைச் சலித்தெடுத்த பிறகு, போன வாரம்தான் ஒரு எண் பொருந்தியது. அக்கா அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள். அந்த எண்ணுக்குரிய ஆளைக் கூப்பிடுவதற்குள் விவரமெல்லாம் பதிந்திருந்த சர்வரின் வட்டு செத்துப்போனது.

நகல் இருக்கிறதே என்று சர்வரம்மா முதலில் பதறவே இல்லை. தொடக்கத்தில் எடுத்த முழு நகல் பத்திரமாக இருந்தது. பொருந்திய ஆள் அதற்குப் பிறகு சேர்ந்தவர். அதன்பின் சேர்ந்தவர்களின் விவரம் உடனுக்குடன் இன்னொரு கணினிக்குப் போக வேண்டும் என்று, சர்வருக்குக் கட்டளை சொல்லும் அமைப்புக் கோப்பில் அவளே ஒரு வரி எழுதியிருந்தாள். அந்தக் கணினியைத் திறந்தால் ஒரு மண்ணும் இல்லை.

அந்த வரி பலிக்க சர்வரை ஒருமுறை நிறுத்தித் தொடங்க வேண்டும். ஓடும்போதே கோப்பை மறுபடி படிக்கச் சொன்னால் மற்ற வரிகளை ஏற்கும், இதை ஏற்காது. மறுதொடக்கம் தேவை என்று எங்கோ குறித்துவிட்டுப் பழையபடி ஓடும். அவள் கேட்டது இரண்டே நிமிடம். கொடையாளர் சேர்க்கும் முகாம் நடக்கிறது, நிறுத்தாதே, படிக்கச் சொன்னால் போதாதா என்றார் பதிவகத்தின் இயக்குநர். முகாம் முடியட்டும் என்று இவளும் தலையாட்டினாள். ஒன்று முடிந்தால் அடுத்தது வந்தது. அந்தப் பாழாய்ப்போன இரண்டு நிமிடம் வரவே இல்லை. கோப்பைத் திறந்தவர்கள் கண்ணுக்கு வரி இருந்தது, எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள்.

வட்டைப் பிரித்துப் பார்த்தவர் கையை விரித்தார். கொடையாளர்களை மறுபடி வரச் சொல்லி அறிவிப்பு கொடுத்தார்கள். வந்தவர்கள் சொற்பம், அவர்களில் யாரும் பொருந்தவில்லை. பிள்ளை இந்த மாதம் தாண்டாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

வார்டு வாசலில் அக்கா கேட்டாள். "அவரு எப்ப வர்றாராம்?"

தங்கை சுற்றி வளைக்காமல் சொன்னாள், தன் தப்பையும் சேர்த்து. அக்கா திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"அந்த ஆளு உயிரோடதானே இருக்காரு?"

"இருப்பாருக்கா. இந்த ஊர்லயே இருந்தாலும் இருப்பாரு."

"கேட்டா குடுத்திருப்பாரு, இல்ல?"

"குடுக்கத்தான் பேரு எழுதினாரு."

பார்வை நேரம் தொடங்கியது. படியேறி வந்த ஒவ்வொருவரின் முகத்தையும் அக்கா பார்த்தாள். தங்கையும் பார்த்தாள்.