கிருஷ்ணசூடா பொந்திலிருந்து ராணி போன இடம்

பதினொரு மணிக்கு மருந்தடிக்கிற ஆள் வந்துவிடுவான் என்று மித்ரா பௌதி மூன்றாவது தடவையாகச் சொன்னபோது எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. மணி ஒன்பதே முக்கால்தான். டாக்குரியாவில் எங்கள் குடியிருப்புக்கு அவர்தான் செயலாளர்; பௌதி என்றால் இந்த ஊரில் அண்ணி. போன வாரம் அவர் கன்னத்தில் ஒரு தேனீ கொட்டிவிட்டது. அதற்காக, வாசலில் நிற்கும் கிருஷ்ணசூடா மரத்துப் பொந்தில் இருக்கிற அத்தனையையும் சாகடிக்க வேண்டுமாம்!

“பௌதி, பதினொண்ணுக்குள்ள மொத்தக் கூட்டத்தையும் பெட்டியில ஏத்திடறேன். அந்த ஆளுக்கு இங்க வேலையே இருக்காது” என்று வங்காள மொழியில் சொன்னேன். வீறாப்பாகத்தான் சொன்னேன்.

ஜாதவ்பூரில் ஒரு குழுவோடு சேர்ந்து இரண்டு வருஷமாகத் தேனீக்களை மீட்கப் போய்க்கொண்டிருக்கிறேன். ஆனால் தனியாக ஒரு பொந்தைப் பிரிப்பது இதுதான் முதல் தடவை. உதவிக்கு என் வீட்டுக்காரர் கிரிதர். துறைமுகத்தில் நாலு மாடி உயரக் கிரேன் மேல் ஏறுகிற மனுஷர், வீட்டில் கரப்பான்பூச்சியைக் கண்டால் கட்டில் மேல் ஏறிவிடுவார். “ஏணியப் பிடிப்பேன். அதுக்கு மேல ஒண்ணும் கேக்காத” என்று சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார்.

ஏணியில் ஏறி, உளியால் பொந்தின் வாயைப் பெரிதாக்கினேன். அம்மாடி! உள்ளே ஏழு அடைகள் வரிசையாகத் தொங்கின, வெண்ணெய் நிறத்தில். அதே நேரம் பார்த்து, தேனீக்களை அடக்கக் கொண்டுவந்த புகைமூட்டி அணைந்து தொலைத்தது. ராத்திரி பெய்த மழையில் தேங்காய் நார் நனைந்திருந்ததைக் கவனிக்காத மக்கு நான். புகை நின்றதும் தேனீக்கள் கொதித்துக் கிளம்பின. முகவலை இருந்ததால் முகம் தப்பித்தது, மணிக்கட்டில் மூன்று கொட்டு.

“வல்லி, எறங்கிடு!” என்றார் கிரிதர்.

“நீங்க சும்மா பிடிங்க! பௌதி, காஞ்ச நார் இருக்கா?”

பௌதி உள்ளே ஓடினார். சாயங்காலம் வீட்டுக்குள் புகை காட்டும் மண் தூபக்கால் ஒன்றைக் கையில் ஏந்தி ஓடி வந்தார். தேங்காய் நார் தகதகவென்று கனன்றது.

“குங்கிலியம் போடாதீங்க! நார் மட்டும் போதும்!” என்று கத்தினேன். தூபக்காலை உயரத் தூக்கிக் கொண்டு அவர் ஆடிய ஆட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும். பூஜையில் தூபக்கால் ஏந்தி ஆடுகிற கூட்டமே தோற்றுப்போகும். தேனீக்கள் மெல்ல அடங்கின.

அடைகளை ஒவ்வொன்றாக அறுத்து, சட்டத்தில் வைத்து வாழைநாரால் கட்டி, ஏணியில் தொங்கவிட்ட பெட்டிக்குள் இறக்கினேன். இனி ராணிதான். ராணி பெட்டிக்குள் வந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் பின்னால் வரும். ராணி இல்லாத பெட்டியில் கூட்டம் தங்காது, திரும்பப் பொந்துக்கே போகும். அங்கே மருந்து காத்திருந்தது.

கடைசி அடையின் ஓரத்தில் கறுப்பாக, பெரிதாக ஒன்று ஓடியது. லபக்கென்று பிடித்துத் துளை போட்ட தீப்பெட்டிக்குள் அடைத்து, பெட்டியில் செருகினேன். “ராணி மாட்டிக்கிட்டா! ராணி மாட்டிக்கிட்டா!” என்று நான் போட்ட கூச்சலில் எதிர்மாடி ஜன்னல்களெல்லாம் திறந்தன.

பத்து நிமிஷம் ஆயிற்று. ஒரு தேனீகூட உள்ளே போகவில்லை. இருபது நிமிஷம் ஆயிற்று. முதுகில் மருந்து டப்பாவோடு அந்த ஆள் வந்து நின்றான். பௌதி கடிகாரத்தைப் பார்த்தார். தீப்பெட்டியை மெல்லத் திறந்து பார்த்தேன்.

தலை முழுக்கக் கண், மொட்டையான வால். அது ஆண் தேனீ! அவசரக்குடுக்கை, அவசரக்குடுக்கை என்று என்னையே திட்டிக்கொண்டேன். வாலை ஒரு நொடி பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ராணி எங்கே பறந்தாளோ, யார் காலில் மிதிபட்டாளோ! ஏணி மேலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது.

“வல்லி.” உதடு அசையாமல் கீழேயிருந்து குரல் வந்தது. “கத்தாம எறங்கு. என் கழுத்தப் பாரு.”

பார்த்தேன். அவர் சட்டைக் காலரில் ஒரு தேங்காய் அளவுக்குத் தேனீக்கள் அப்பிக் கிடந்தன. கண்ணை இறுக்கி மூடியிருந்தார். இரண்டு கையும் ஏணியில் இருந்தன. வியர்வை ஆறாக ஓடியது.

“ஐயோ! எப்பலேர்ந்துங்க?”

“நீ மாட்டிக்கிட்டான்னு கத்தினியே, அப்பலேர்ந்து.”

“தட்டிவிட்டு ஓட வேண்டியதுதானே?”

“ஏணிய விட்டா நீ விழுந்துடுவியே.”

இறங்கி, கையுறையைக் கழற்றிவிட்டு, வெறும் விரலால் அந்தக் கூட்டத்தை விலக்கினேன். காலர் மடிப்பில் நீள வயிற்றோடு நிதானமாக நடந்துகொண்டிருந்தாள் ராணி. இந்தத் தடவை வாலைப் பார்த்தேன், கண்ணைப் பார்த்தேன், அப்புறம்தான் பிடித்தேன். மருந்துக்காரன் குழாயை எடுத்தான். “தாடாவ்!” என்று பௌதி அதட்டிய அதட்டலில் அப்படியே நின்றான்.

தீப்பெட்டி உள்ளே போனது. முதலில் நாலைந்து தேனீக்கள் பெட்டி வாசலில் வாலைத் தூக்கிச் சிறகடித்தன. வாங்க வாங்க என்று மற்றவற்றைக் கூப்பிட வாசனையைப் பரப்புகிற வித்தை அது. அவ்வளவுதான். காலரிலிருந்தும் கிளையிலிருந்தும் பொந்திலிருந்தும், நடை திறந்த கோயிலுக்குள் நுழைவதுபோல் சாரிசாரியாக உள்ளே போயின. ஜன்னல்களில் கைதட்டல். பௌதி என்னைக் கட்டிக்கொண்டு குதித்தார், நானும் குதித்தேன்.

மருந்துக்காரன் மட்டும் ஏணியடியில் குந்தி உட்கார்ந்து பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். கூட்டம் முக்கால்வாசி அடங்கியதும் எழுந்து வந்து அக்கா முறை வைத்துக் கூப்பிட்டான்.

“தீதி, நாளைக்கு சாந்த்ராகாச்சியில ரயில் யார்டு பக்கம் ஒரு அரசமரம். இதேபோலப் பொந்து. பத்து மணிக்கு என்னை மருந்தடிக்கச் சொல்லியிருக்காங்க. நீங்க அதுக்கு முன்னால வர முடியுமா?”

கிரிதரைத் திரும்பிப் பார்த்தேன். கழுத்தில் இரண்டு இடம் கொழுக்கட்டையாக வீங்கியிருந்தது. கை இன்னும் ஏணியை விடவில்லை. பாவம், இவரை இன்னொரு தடவை எப்படிக் கூப்பிடுவது? முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன்.

“ஏழு மணிக்கே வரோம்னு சொல்லு, வல்லி” என்றார்.