திறந்த போத்தில்

மோர்டனில் சிவகௌரி அக்காவின் நாக்கு பெயர்போனது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு சொட்டு நக்குவார். பிறகு போத்திலுக்குள் என்ன கிடக்கிறது என்று விரல் மடக்கிச் சொல்வார். இஞ்சி. எலுமிச்சம்புல். இரண்டு கறுவாத் துண்டு. அதில் ஒன்று பழையது.

அந்த நாக்கை நம்பித்தான் யனுஷன் செவன் கிங்ஸிலிருந்து புறப்பட்டான். ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தரை. லண்டனின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குப் போக வேண்டும். காரின் முன் இருக்கையில் ஒரு பை. பைக்குள் மூன்று போத்தில்கள். பைக்கு சீட் பெல்ட் போட்டிருந்தான்.

இரண்டு போத்தில் பன்னீர். முதல் நாள் அக்கா போனில் சொன்னது.

"தம்பி, உங்கட பக்கம் மலிவு. ரெண்டு போத்தில் பன்னீர் வாங்கிக்கொண்டு வாங்கோ. இவருக்கு அறுபது வயசு, மண்டபம் எடுத்திருக்கு, வாசல்ல தெளிக்கப் பன்னீர் இல்லையெண்டால் என்ர மானம் போயிடும்."

மூன்றாவதும் பன்னீர்ப் போத்தில்தான். உள்ளே இருந்தது ரோசா வினாகிரி, ரோசா இதழ் ஊறிய புளிக்காடி.

அது மேனுஷா செய்தது. அவன் மனைவி. இறந்து பதின்மூன்று மாதம்.

மேனுஷா ஒரு போத்திலையும் எறிந்ததில்லை. பன்னீர் முடிந்தால் கழுவிக் காயவைத்து வினாகிரி ஊற்றுவாள். லேபிளை உரிக்க மாட்டாள். கேட்டால், "உள்ளுக்கு என்ன இருக்கெண்டு எனக்குத் தெரியும்தானே" என்பாள்.

சிவகௌரி அக்கா ஒரு வாட்ஸ்அப் குழு நடத்தினார். பெயர், புளிப்புச் சங்கம். இருபத்தாறு பேர். எல்லோரும் வீட்டில் வினாகிரி செய்கிறவர்கள். வேலியோரம் பறித்த பிளாக்பெரி, மாங்காய், பச்சைமிளகாய், பிளம்ஸ், எது கிடைத்தாலும் வினாகிரிக்குள் ஊறப்போட்டு விடுவார்கள். மாதம் ஒருமுறை அக்கா வீட்டில் கூடிப் போத்தில் மாற்றிக்கொள்வார்கள். சங்கத்துக்கு ஒரே சட்டம். செய்முறை கொடுத்தால்தான் செய்முறை கிடைக்கும். சும்மா கேட்கக் கூடாது.

மேனுஷா எல்லாச் செய்முறையும் கொடுத்தாள், ரோசாவைத் தவிர. கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில். "அடுத்த மாசம், அக்கா." அப்படி இரண்டு வருடம் ஏய்த்தாள்.

அவளுக்குப் பிறகு அந்த இடத்தில் அக்கா யனுஷனைச் சேர்த்தார். அவனுக்குப் பாண் வாட்டத் தெரியும். வேறொன்றும் தெரியாது. ஒருவரும் அவனை நீக்கவில்லை.

அவளுடைய போனில் செய்முறை இருந்தது. ஒன்று, ரோசா இதழ், இரண்டு கைப்பிடி. இரண்டு, வெள்ளை வினாகிரி. மூன்று, சீனி கொஞ்சம். நான்கு, உப்பு ஒரு கிள்ளு. ஐந்து என்று எழுதியிருந்தாள். ஐந்துக்கு நேரே ஒன்றும் இல்லை.

யனுஷன் செய்து பார்த்தான். ஐந்தாவதாகக் கராம்பு போட்டான். ஏலக்காய் போட்டான். ஒருமுறை துணிந்து பெருஞ்சீரகம் போட்டான். பதினொரு போத்தில் செய்தான். பதினொன்றும் குளிக்கிற சவர்க்காரம் போல இருந்தன.

அவள் செய்ததில் மிஞ்சியது அரைப் போத்தில். சனிக்கிழமைகளில் வெங்காயத்தை அரிந்து அதில் ஒரு கரண்டி விட்டுச் சம்பலாக்கிப் புட்டோடு சாப்பிடுவான். ஒரு கரண்டிதான். அது தீருமுன் ஐந்தாவது என்னவென்று தெரிய வேண்டும். தீர்ந்தால் கேட்க ஆளில்லை, நக்கிப் பார்க்கச் சொட்டும் இல்லை.

ஆகவே சீட் பெல்ட்.

மண்டபத்து வாசலில் நிறுத்த இடமில்லை. பின்னால் ஒரு பஸ். பஸ்காரர் ஹோர்னில் கையை வைத்தார், எடுக்கவில்லை. அக்காவின் மகள் லக்‌ஷிகா பட்டுப் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். மூக்கு சிவந்திருந்தது.

"அண்ணா, பன்னீர்! பன்னீர்! சனம் வரத் தொடங்கிட்டுது!"

ஜன்னலால் கையை நீட்டினாள். பெல்ட்டைக் கழற்றினாள். பையோடு ஓடிவிட்டாள். பஸ் இன்னொரு முறை அலறியது. யனுஷன் காரை எடுத்தான்.

இடம் கிடைத்தது பன்னிரண்டு நிமிட நடைக்கு அப்பால். எஞ்சினை நிறுத்திவிட்டுப் பக்கத்து இருக்கையைப் பார்த்தான். அப்போதுதான் உறைத்தது.

கோட்டும் சூட்டுமாக ஓடினான். ஒரு நாய் அவனோடு சிறிது தூரம் ஓடி வந்தது, பிறகு சலித்து நின்றுவிட்டது.

வாசலுக்குப் பத்தடி முன்பே மணம் வந்து மோதியது. முதலில் ரோசா. அதன் பின்னால் புளிப்பு. சனிக்கிழமைக் குசினியின் மணம்.

"வாங்கோ அண்ணா!" என்றாள் லக்‌ஷிகா, சந்தனக் கிண்ணத்துக்குப் பின்னால் நின்று. வெள்ளிச் செம்பை உயர்த்தி மூன்று உதறு உதறினாள். நெற்றியில் விழுந்தது, கன்னத்தில் விழுந்தது, உதட்டில் விழுந்தது.

யனுஷன் உதட்டை நக்கினான். அதேதான்.

"எந்தப் போத்திலை ஊத்தினனீ?"

"திறந்திருந்ததை."

"ஏன் அதை?"

"அம்மான்ர சட்டம்தானே அண்ணா. திறந்த போத்தில் இருக்கேக்குள்ள புதுசைத் திறக்கப்படாது. ஜாமுக்கும் அதுதான், ஷாம்பூக்கும் அதுதான்."

அவன் வீட்டிலும் அதுதான் சட்டம்.

"மணம் தெரியேல்லையோ?"

"எனக்குத் தடிமன் அண்ணா. மூண்டு நாளா ஒண்டும் மணக்கேல்லை. ஆக்கள் எல்லாம் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு போயினம். ஏதோ புதுக் கொம்பனிப் பன்னீர் எண்டு நினைச்சன்."

"எத்தனை பேருக்குத் தெளிச்சிருப்பாய்?"

"நூறு பேர் இருக்கும். அப்பாவுக்கு மட்டும் ஸ்பெஷலா நாலு தரம். போத்தில் காலி, உங்களுக்குத் தெளிச்சதுதான் கடைசி."

யனுஷன் உள்ளே பார்த்தான். மண்டபம் முழுவதும் ஒரு பெரிய ஊறுகாய்ச் சாடி போல மணத்தது. ஆண்கள் தங்கள் கொலரை முகர்ந்தார்கள். பெண்கள் பக்கத்துக் கதிரைக்காரியின் தோளை முகர்ந்தார்கள். ஒருவர் எழுந்து தனியாகப் போய் இருந்தார், தன்னில்தான் ஏதோ பிழை என்று நினைத்து. சின்னப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் மறுபடியும் வாசலுக்கு வந்து வரிசையில் நின்றார்கள். எல்லோரும் நாக்கை நீட்டியிருந்தார்கள்.

சங்கத்து ஆட்களுக்கு மூக்கு பொய் சொல்லாது. நடு மேசையில் நாலைந்து பேர் ஏற்கெனவே கூடிவிட்டார்கள். கலாவதி அன்ரி கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உது வினாகிரி," என்றார். "ஆனால் என்ர இல்லை. என்ர மிளகாய் வினாகிரி எண்டால் இந்நேரம் அரைவாசிச் சனத்துக்குக் கண் போயிருக்கும்."

"பெருமையா வேற சொல்றீங்க!" என்றார் நீலா. நீலா மலேசியாவிலிருந்து படிக்க வந்து, வங்கி வேலையில் இங்கேயே தங்கிவிட்டவர். "என் சேலைய பாருங்க லா. இன்னைக்குத்தான் முதல் தடவை கட்டினேன்."

"அன்ரி, நீலா அக்கா, அது மேனுஷான்ர," என்றான் யனுஷன். "ரோசா."

கலாவதி அன்ரி தன் புறங்கையை நக்கினார்.

"அந்த ரோசாவோ? ரெண்டு வருசமா எனக்குத் தர மாட்டன் எண்டு நிண்ட ரோசாவோ?"

"அதுக்குள்ள ஐஞ்சாவதா ஒரு சாமான் இருக்கு. என்னெண்டு எனக்குத் தெரியாது. போத்திலும் முடிஞ்சுது. இப்ப உங்களில இருக்கிறதுதான் மிச்சம்."

"சாதிக்காய்," என்றார் கலாவதி அன்ரி உடனே.

"இல்ல லா, இது பண்டான் இலை," என்றார் நீலா, தன் முழங்கையை முகர்ந்து.

"உங்களுக்கு எதை நக்கினாலும் பண்டான்."

"உங்களுக்கு எதை நக்கினாலும் சாதிக்காய்!"

"காயுது, காயுது, கெதியாச் சொல்லுங்கோ!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். அதுவும் உண்மை. ஹீட்டர் முழு வேகத்தில் ஓடியது. நூறு பேரின் மேலிருந்து மேனுஷாவின் வினாகிரி காய்ந்துகொண்டிருந்தது.

யனுஷன் சிவகௌரி அக்காவைத் தேடி ஓடினான். அவர் கேக்குக்குப் பக்கத்தில் நின்றார். மூன்று தட்டுக் கேக். அதன் மறைவுக்கு அவனை இழுத்துக்கொண்டு போனார்.

"தம்பி, ஒருத்தரிட்டையும் சொல்லிப்போடாதையுங்கோ. எனக்குத் தடிமன். மூண்டு நாளா நாக்கு செத்துப்போச்சு. காலமை இடியப்பச் சொதியில உப்பே போடேல்லை. இவர் வாயைத் திறக்காமல் சாப்பிட்டவர்."

"அக்கா, நான் உங்களை நம்பி வந்தனான்."

"தெரியும் தம்பி. என்ன செய்ய. ஆவி பிடிச்சும் பாத்திட்டன்."

யனுஷன் கேக்கைப் பார்த்தான். கேக்கின் மேல் 'குலசேகரம் 60' என்று நீல எழுத்தில் இருந்தது. சிரிப்பு வருகிறதா வேறு ஏதாவதா என்று அவனுக்குத் தெரியவில்லை. நூறு பேர் மணக்கிறார்கள். மணக்க வேண்டிய ஒரே மூக்கு அடைத்துப் போயிருக்கிறது.

"தேத்தண்ணி," என்றது ஒரு குரல்.

குலசேகரம் அண்ணை. பிறந்தநாள்காரர். கழுத்தில் ரோசா மாலை. அடர்ந்த மீசை, நாலு தரம் தெளித்ததில் ஈரமாகப் பளபளத்தது. கதிரையில் சாய்ந்து மீசையை மேலுதட்டால் உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"பொறுங்கோப்பா, இப்ப தேத்தண்ணி இல்லை. கேக் வெட்டினாப் பிறகு," என்றார் அக்கா.

"எனக்குத் தேத்தண்ணி வேண்டாம். உதுக்குள்ள இருக்கிறது தேத்தண்ணி."

நடு மேசையில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். குலசேகரம் அண்ணை முட்டை அவிக்கவும் தெரியாதவர். சங்கம் கூடுகிற ஞாயிறுகளில் மேல் மாடிக்குப் போய் ஒளிந்துகொள்பவர்.

"அண்ணை ஒரு நாளைக்கு எட்டுக் கோப்பை குடிக்கிறவர். அவருக்குத் தண்ணிப் பைப்பிலயும் தேத்தண்ணிதான் வரும்," என்றார் கலாவதி அன்ரி.

அண்ணை அசையவில்லை. மீசையை இன்னொரு முறை உறிஞ்சினார்.

"வெறும் தேத்தண்ணியை மறந்துபோய் ஊற விட்டால், கடைசியில நாக்கோரத்தில ஒரு கயர் நிக்கும். பாக்குச் சப்பின மாதிரி. ரோசா போனாப் பிறகு, புளிப்புப் போனாப் பிறகு, அதுதான் நிக்குது. பால் விட்டுக் குடிக்கிற உங்களுக்கு உது விளங்காது. நக்கிப் பாருங்கோ."

நக்கிப் பார்த்தார்கள். சங்கத்தார் நக்கினார்கள். அவர்களைப் பார்த்து அடுத்த மேசை நக்கியது. என்ன ஏதென்று தெரியாமலே அதற்கடுத்த மேசையும் நக்கியது. மண்டபம் முழுக்க மனிதர்கள் புறங்கையை நக்கிக்கொண்டு யோசித்தார்கள். வீடியோக்காரர் நல்ல இடத்தில் நின்றிருந்தார்.

"ஐயோ, ஆமா லா," என்றார் நீலா மெதுவாக.

"தேயிலைதான்," என்றார் கலாவதி அன்ரி. அவர் ஒருவரின் சொல்லை ஒப்புக்கொண்டதைச் சங்கம் அதுவரை கண்டதில்லை.

யனுஷன் தன் மணிக்கட்டை நக்கினான். அங்கே ஒரு சொட்டு இன்னும் ஈரமாக இருந்தது. ரோசா போனது. புளிப்புப் போனது. நாக்கோரத்தில் கயர் நின்றது.

ஜூன் மாதங்களில் வீட்டில் தேயிலை முடிந்துவிடும். வருடா வருடம். ரோசா பூக்கும் மாதம். அலுவலகத்துக்கு மெசேஜ் வரும். 'தேயிலை முடிஞ்சுது, வாங்கிக்கொண்டு வாங்கோ.' போன கிழமைதானே வாங்கினேன் என்று அவன் முணுமுணுப்பான். நீங்கள்தான் குடிக்கிறது என்று அவள் அவன்மேலேயே போடுவாள். எவ்வளவு பெரிய பொய். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொல்வாள்.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. இந்த முறை சிரிப்புத்தான், சந்தேகமில்லை. கேக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சுட்டுவிரல் ஐசிங்குக்குள் போய்விட்டது. அறுபது ஐம்பது போல ஆனது.

"பத்து வருசம் குறைஞ்சிட்டுது," என்றார் குலசேகரம் அண்ணை. "நல்லது. விடுங்கோ."

யனுஷன் விரலை நக்கித் துடைத்தான். போனை எடுத்தான். புளிப்புச் சங்கத்தில் அவன் ஒருநாளும் ஒன்றும் எழுதியதில்லை. எழுதினான்.

'மேனுஷாவின் ரோசா வினாகிரி. 1. ரோசா இதழ், ரெண்டு கைப்பிடி. 2. வெள்ளை வினாகிரி. 3. சீனி கொஞ்சம். 4. உப்பு ஒரு கிள்ளு. 5. தேயிலை. அளவு தெரியாது, ஆனால் வீட்டில ஒண்டும் மிஞ்சாது. அடுத்த மாசம் எண்டு சொன்னவ. கொஞ்சம் பிந்திப்போச்சு.'

அனுப்பினான். மண்டபத்தின் நாலு பக்கமும் கைப்பைகளுக்குள் டிங், டிங், டிங் என்று கேட்டது. எல்லோரும் குனிந்து படித்தார்கள். கலாவதி அன்ரிதான் முதலில் நிமிர்ந்தார்.

"சட்டம் சட்டம்தான். உமக்கு இப்ப இருவத்தைஞ்சு செய்முறை வரவேணும் தம்பி. என்ரயை முதல்ல செய்யும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யும்."

டிங், என்றது யனுஷனின் போன். டிங். டிங். டிங்.

வாசலில் லக்‌ஷிகா கையைக் காட்டி அழைத்தாள். ஒன்றரை மணித்தியாலம் பிந்திச் சற்குணம் மாமா வந்துகொண்டிருந்தார். எந்த விசேஷத்துக்கும் சாப்பாட்டு நேரம் கணக்குப் பார்த்து வருகிறவர்.

"அண்ணா," என்றாள் லக்‌ஷிகா, செம்பைக் காதருகே ஆட்டிக்காட்டி. "முடிஞ்சுதெண்டு நினைச்சன், அடியில கொஞ்சம் கிடக்கு. அதை உங்களுக்கு எடுத்து வைக்கவா? மாமாவுக்குப் புதுப் போத்திலைத் திறக்கிறன்."

யனுஷன் செம்பை வாங்கினான். கனமில்லை. இரண்டு கரண்டி இருக்கும். இரண்டு சனிக்கிழமை.

"திறந்ததை முதல்ல முடிக்க வேணும்," என்றான்.

சற்குணம் மாமா கைகூப்பி, கண்ணை மூடி, பணிவாகத் தலையைக் குனிந்தார். யனுஷன் செம்பைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டுவரை உதறினான்.

மாமா ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"தம்பி," என்றார், மூக்கை உறிஞ்சியபடி. "சம்பல் உள்ளுக்கோ, வாசலிலேயோ?"