அளவுக்கு வைத்த கை

2024 ஜனவரி 9, செவ்வாய்க்கிழமை. அதிகாலை முதல் இடைவிடாத மழை. காற்று வடகிழக்கிலிருந்து வீசியது. கடல் சாம்பல் நிறமாக இருந்தது.

நான் எடுக்கும் ஒவ்வொரு புகைப்படத்துக்கும் திகதியையும் அன்றைய வானிலையையும் ஒரு கொப்பியில் எழுதி வைப்பது வழக்கம். அன்று படம் எதுவும் எடுக்காமலேயே மேற்கண்ட வரிகளை எழுதினேன். எழுதி முடித்தபோது காலை ஏழு மணி. என் கணவரின் தம்பி நஸீம், மருதமுனையிலுள்ள எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து, மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமலேயே செய்தியைச் சொன்னார்.

"மதினி, ஒலுவில் கரையில மையத்து ஒண்டு ஒதுங்கியிரிக்காம். ஆசுபத்திரிக்குக் கொண்டு பெய்த்தாங்க. நான் போறன்."

"ஆரு எண்டு செல்லல்லயா?"

"முகம் தெரியல்லயாம்."

என் கணவர் ஆதம்பாவா, ஒலுவில் துறைமுகத்திலிருந்து செல்லும் ஆழ்கடற் படகொன்றில் தொழில் செய்தவர். ஜனவரி மூன்றாம் திகதி அப்படகு கவிழ்ந்தது. நால்வரில் இருவரை வேறொரு படகு காப்பாற்றியது. மற்ற இருவரும் காணாமற் போயினர். ஒருவர் என் கணவர்; மற்றவர் ஒலுவிலைச் சேர்ந்த றிஸ்மி என்னும் இருபத்தேழு வயது இளைஞர். ஆறு நாட்களாக இரண்டு வீடுகளும் ஒரே செய்திக்காகக் காத்திருந்தன. றிஸ்மியின் மனைவி றிப்னா ஏழு மாதக் கர்ப்பிணி. அவள் ஒவ்வொரு மாலையும் எனக்குத் தொலைபேசி எடுத்து, "ராத்தா, ஏதும் தெரிஞ்சா எனக்கும் செல்லுங்க" என்பாள். நானும் சொல்வதாக வாக்களித்திருந்தேன்.

கணவரின் மையத்து, அதாவது உடல், கிடைத்தால் ஒரு பெண் விதவையாகி இத்தா இருப்பாள். நான்கு மாதமும் பத்து நாட்களும் ஓர் அறைக்குள் கழியும். கர்ப்பிணியாயின் பிள்ளை பிறக்கும் வரை கழியும். அதன்பின் அவள் வெளியே வருவாள். அவளுக்குக் கணவரை அடக்கிய ஒரு கபுறும் ஒரு முடிவும் இருக்கும். மையத்து கிடைக்காவிட்டால் அவள் விதவையும் அல்லள், மனைவியும் அல்லள். காதியார் தீர்ப்புச் சொல்லும் வரை அவள் ஆண்டுக்கணக்கில் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஆறு நாட்களாக நான் கேட்ட துஆவில் கணவரின் உயிர் முதலில் இருந்தது. ஐந்தாம் நாள் அந்த இடத்துக்கு அவருடைய மையத்து வந்துவிட்டது.

இவ்விடத்தில் என் புகைப்படங்களைப் பற்றிக் கூறுதல் அவசியமாகும். நான் எழுதக் கற்றதும் படமெடுக்கக் கற்றதும் நாற்பத்திரண்டாவது வயதில். மகள் பஹ்மிதாவின் பழைய பாடப்புத்தகங்களைக் கொண்டு எழுதக் கற்றேன். அவளுடைய பழைய கைத்தொலைபேசியைக் கொண்டு படமெடுக்கக் கற்றேன். உயிருள்ளவற்றின் முகத்தைப் படமெடுப்பது ஆதம்பாவாவுக்கு விருப்பமில்லை. மார்க்கத்தில் அதற்கு இடமில்லை என்பது அவருடைய உறுதியான எண்ணம்.

"மரத்த எடு புள்ள, மண்ண எடு, ஆத்த எடு. மூஞ்ச மட்டும் எடுக்காத" என்பார்.

"அப்ப உங்கட கை விழுந்திரிக்கே?"

"கைக்கு மூஞ்சி இல்லயே. அளவுக்குத்தானே வச்ச."

அளவுக்குக் கை வைப்பது நாங்கள் இருவருமாகக் கண்டுபிடித்த முறை. ஒரு செடியைத் தனியே எடுத்தால் அது எவ்வளவு வளர்ந்தது என்பது படத்தில் தெரியாது. ஆகையால் அவர் ஒவ்வொரு படத்திலும் தம் வலக்கையை விரித்துச் செடியின் அருகே வைப்பார். முற்றத்து மாதுளையின் முதற் பிஞ்சருகே அந்தக் கை இருக்கிறது. வீரமுனை வயலில் ஒரு நெற்கதிரின் கீழ் இருக்கிறது. நுவரெலியாவுக்குப் பயணம் சென்றபோது தேயிலைக் கொழுந்தின் அருகே குளிரில் விறைத்துக்கொண்டு இருக்கிறது. பஹ்மிதாவின் கலியாணத்தன்று நான் எடுத்தவை வாசலில் கழற்றப்பட்ட செருப்புகளும் வெறுமையான சஹன் தட்டுகளும் மட்டுமே. அவற்றிலும் ஒரு சஹனின் விளிம்பில் அந்தக் கை இருக்கிறது. ஆறு ஆண்டுகளில் நானூறுக்கு மேற்பட்ட படங்கள். அவருடைய முகம் ஒன்றிலும் இல்லை. அடையாள அட்டையில் பதினாறு வயதில் எடுத்த படம் இருந்தது. அந்த அட்டையும் அவரோடு கடலுக்குப் போயிற்று.

பத்து நாற்பதுக்கு நஸீம் ஆசுபத்திரியிலிருந்து அழைத்தார்.

"மதினி, படம் ஒண்டு அனுப்பிரிக்கன். இடுப்பு பெல்ட்டு. பொலிசுல கேக்காங்க, காக்காடதா எண்டு."

படத்தைத் திறந்தேன். சீமெந்து மேசையில் அகலமான பச்சை பெல்ட் கிடந்தது. அதிலிருந்த பணப்பையின் ஓரத்தில் சிவப்பு நூலால் தைத்த ஒன்பது தையல்கள். அயலிலுள்ள தறியில் கேட்டு வாங்கிய நெசவு நூல் அது. தைத்தவள் நான்.

"ஓம். அவருடதான். என்ட தையல்."

"நல்லாப் பாத்தீங்களா?"

"ஓம் தம்பி."

நான் பிழை விட்டது இங்கேதான். அந்தப் படத்தின் விளிம்பில் மையத்தின் வலக்கையும் இருந்தது. ஆயினும், ஒரு படத்தில் பொருளை மட்டும் காணவும் மனிதர் விழுந்திருந்தால் அப்பகுதியை விலக்கவும் என் கண்ணை நானே ஆறு ஆண்டுகளாகப் பழக்கியிருந்தேன். பெல்ட்டைக் கண்டேன், கையைக் காணவில்லை. றிஸ்மியின் காக்கா, அவருடைய தமையன், அன்று தேடுதலுக்காகப் பொத்துவில் பக்கம் சென்றிருந்தபடியால், ஆசுபத்திரியில் வேறு எவரும் என் சொல்லை மறுக்கவில்லை.

பதினொன்றரைக்குப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் என் கணவரின் பெயர் அறிவிக்கப்பட்டது. அசர் என்னும் பிற்பகல் தொழுகைக்குப் பின் ஜனாஸாத் தொழுகை என்றார்கள். மழைக்குள்ளேயே கபுறு வெட்ட ஆட்கள் சென்றார்கள். எனக்கு வெள்ளை உடுப்பு உடுத்தி, உள்ளறைக்குள் இருத்தி, வாசலில் சீலை தொங்கவிட்டார்கள். அந்தச் சீலைக்குள் இருக்கும்போது றிப்னா அழைத்தாள்.

"உங்களுக்காவது கிடைச்சிரிச்சி ராத்தா" என்றாள். அழுகையை அடக்க முயன்றது கேட்டது. "என்ட மனிசன் எங்க கிடக்காரோ."

அவளுக்கு நான் ஆறுதல் சொன்னேன். விதவை ஆகாதவளுக்கு விதவை சொல்லும் ஆறுதல். அப்போது என் மனத்தில் ஒரு சிறு நிம்மதி இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

சீலைக்கு வெளியே பெண்கள் ஓதுவதும் கதைப்பதுமாக இருந்தனர். பக்கத்து வீட்டு ஹாஜறாவின் குரல் எப்போதும் மற்றக் குரல்களுக்கு மேலே நிற்கும்.

"ஊருல உள்ள செடி கொடியெல்லாம் போனுக்குள்ள இரிக்கி. ஊட்டு மனிசன்ட முகம் ஒண்டு இல்ல. இதென்ன போட்டோக்காரியோ."

"சும்மா இரிங்க, உள்ளுக்குக் கேக்கும்" என்றாள் மற்றொருத்தி.

"கேக்கட்டும். அந்த மனிசன் பாவம், கறிவேப்பிலைக்குக் கை புடிச்சிப் புடிச்சே காலம் பெய்த்து."

அவள் சொன்னதில் பொய் இல்லை. முகம் இல்லாதபடியால் கையையாவது பார்ப்போம் என்று தொலைபேசியை எடுத்தேன். மாதுளைப் படத்தைப் பெரிதாக்கினேன். விரிந்த வலக்கை, உப்பில் வெடித்த தோல், பிறவியிலேயே குட்டையான சிறுவிரல். பிறர் கையில் சிறுவிரலின் நுனி மோதிர விரலின் மேல் மடிப்பை எட்டும். அவருடையது நடு மடிப்பைச் சற்றே தாண்டி நின்றுவிடும். இதை நான் ஒருநாளும் குறையாக எண்ணியதில்லை; இலையை அளக்கும்போது அந்த விரலுக்கு ஒரு கணக்கு விட்டுக்கொள்வேன், அவ்வளவே.

பின்னர், ஏன் என்று தெரியாமல், நஸீம் அனுப்பிய படத்தையும் திறந்தேன். பெல்ட்டைத் தள்ளி விளிம்புக்குப் போனேன்.

மேசையில் மல்லாந்து கிடந்த அந்தக் கையின் சிறுவிரல், மோதிர விரலின் மேல் மடிப்பை எட்டி அதற்கும் அப்பால் நீண்டிருந்தது.

பஹ்மிதாவை உள்ளே அழைத்து இரண்டு படங்களையும் காட்டினேன். அவள் நீண்ட நேரம் பார்த்தாள்.

"உம்மா, தண்ணிக்குள்ள கிடந்த கை. ஊதியிரிக்கும்."

"ஊதினா பருக்கும் மகள். குட்ட விரல் நீளமாகுமா?"

அவள் சீலைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தாள். "இத வேற ஆரும் பாக்கல்ல. நீங்களும் பாக்கல்லெண்டு வெச்சிக்கொள்ளுங்க."

"அப்ப றிஸ்மிட பொஞ்சாதி?"

மகள் தொலைபேசியைப் பாயில் கவிழ்த்து வைத்தாள். நான் உடனே எழுந்துவிடவில்லை. கால்மணி நேரம் வரை அந்த வெள்ளை உடுப்போடு பாயில் உட்கார்ந்திருந்தேன். பேசாமல் இருந்தால் எனக்குக் கபுறு உண்டு. பேசினால் ஆதம்பாவா இன்னும் கடலில் கிடக்கிறார். அவர் கிடக்கும் இடத்துக்கு நான் ஒருநாளும் போய்ச் சேரமாட்டேன்.

ஒன்றே காலுக்கு நஸீம் ஆசுபத்திரியிலிருந்து திரும்பி வந்தார். மையத்தைப் பொதியும் கஃபன் துணியையும் கற்பூரத்தையும் எடுத்துச் செல்ல வந்தவரைச் சீலைக்கு அப்பால் நிறுத்தி, நான் சொன்னேன்.

"தம்பி, அது அவரில்ல."

"மதினி, மனசு அப்படித்தான் செல்லும்."

"மனசில்ல. கை."

"கபுறு வெட்டியாச்சி. பள்ளில அறிவிச்சாச்சி. சனம் வந்து நிக்கிது. இப்ப பெய்த்து நான் என்னெண்டு செல்லுற?"

"நான் பிழையாச் செல்லிட்டன் எண்டு செல்லுங்க."

அவர் சீலைக்கு அருகே வந்து குரலைத் தாழ்த்தினார். "காக்கா இனி வரமாட்டாரு. அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு மையத்தாவது நம்மட கைக்கு வந்திரிக்கி. இத்தாவ இரிந்து முடிங்க. இல்லாட்டி காதியார்ட வாசல்ல எத்தின வருசம் நிக்கப் போறீங்க?"

அவர் கொடுமையால் அப்படிப் பேசவில்லை. தமையனை இழந்தவர், தமையனின் மனைவிக்கு மிஞ்சியிருந்த ஒரே நன்மையைக் காப்பாற்ற முயன்றார். அவர் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை.

இத்தா இருக்கும் பெண் அந்நிய ஆணின் முன் வரலாகாது. கணவரின் தம்பியும் அந்நிய ஆணே. நான் சீலையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன். ஓதிக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்தினர். ஹாஜறா, "அடி புள்ள, உள்ளுக்குப் போ" என்று என் கையைப் பிடித்தாள். நஸீம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"என்னப் பாக்காதீங்க. உங்கட வலக்கையப் பாருங்க" என்றேன். "சின்ன விரலப் பாருங்க. உங்கட வாப்பாட விரல். ரெண்டு பேருக்கும் அதுதான்."

அவர் சுவரைப் பார்த்தபடியே கையை உயர்த்தி விரித்தார். தந்தையிடமிருந்து வந்த அந்த விரலும் நடு மடிப்பைச் சற்றே தாண்டி நின்றது. நாற்பத்தைந்து ஆண்டுகளில் அவர் அதைக் கவனித்திருக்க மாட்டார். நான் தொலைபேசியை அவர் தோளுக்கு மேலாக நீட்டினேன். முதலில் மாதுளைப் படம். அடுத்து மேசைப் படம். அவர் தம் கையைத் திரைக்கு அருகே வைத்துப் பார்த்தார். எடுத்தார். மீண்டும் வைத்தார்.

கஃபன் துணி மடித்து வைத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் அவர் தரையில் உட்கார்ந்தார். சிறிது நேரத்தின் பின் எழுந்து, துணியை எடுக்காமல் வெளியே போனார்.

றிஸ்மியின் காக்கா பொத்துவிலிலிருந்து வந்து, மையத்தின் கீழ்த்தாடைக் கடைவாயில் வெள்ளி அடைத்த பல்லை வைத்தியருக்குக் காட்டினார். பல் வைத்தியரின் துண்டுச் சீட்டும் அவரிடம் இருந்தது. உயிர் தப்பிய இருவரையும் தொலைபேசியில் விசாரித்தபோது மிகுதியும் தெரிந்தது. வலைக் கயிறு இழுக்கையில் றிஸ்மியின் இடுப்புச் சாரம் அடிக்கடி அவிழ்ந்ததாம். ஆதம்பாவா அதைச் சொல்லிச் சிரித்து, தம் பெல்ட்டைக் கழற்றி அவருக்குக் கட்டிவிட்டாராம்.

ஒலுவிலில் அசருக்குப் பின் றிஸ்மிக்குத் தொழுகை நடந்தது. நாலு பத்துக்கு றிப்னா அழைத்தாள்.

"ராத்தா, நீங்க செல்லாம இரிந்திருக்கலாம்."

"இரிந்திருக்கலாம்."

"நான் இப்ப அறைக்குள்ள இரிக்கன். நீங்க?"

"நான் வெளிய வந்திட்டன் மகள்."

வெள்ளை உடுப்பைக் களைந்து நேற்றைய உடுப்பை உடுத்தினேன். சீலையைப் பஹ்மிதா கழற்றி மடித்தாள். பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து போயினர். ஹாஜறா மட்டும் இருந்து, எவரும் குடிக்காத தேநீர்க் கோப்பைகளைக் கழுவி அடுக்கினாள்.

ஆதம்பாவாவுக்கென வெட்டிய கபுறைத் திறந்தபடி விட்டுவைக்க முடியாது. மூடிவிடுமாறு பள்ளிவாசலில் சொன்னார்கள். எங்கள் ஊரில் பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. ஆதலால் நான் நஸீமை அழைத்து, மூடுமுன் ஒரு படமும் மூடியபின் ஒரு படமும் எடுத்து அனுப்பும்படி கேட்டேன். மண்தானே, அதில் தவறில்லை என்றேன். அவர் மறுக்கவில்லை.

முதற் படத்தில் ஆறடி நீளக் குழி இருந்தது. அரைவாசிக்கு மழைநீர் நிறைந்து, அதன்மேல் வானத்தின் சாம்பல் நிறம் கிடந்தது. இரண்டாவது படத்தில் மணல் நிரவப்பட்டிருந்தது. தலைமாட்டில் நடும் மீசான் கட்டை இல்லை, மேடும் இல்லை. ஈர மணலின் மேல் நஸீம் தம் வலக்கையை விரித்து வைத்திருந்தார். அப்படிச் செய்யுமாறு நான் அவரிடம் கேட்கவில்லை. குட்டையான சிறுவிரல் மணலில் சற்றே புதைந்திருந்தது.

கொப்பியை எடுத்தேன். திகதியும் வானிலையும் காலையிலேயே எழுதப்பட்டிருந்தன. இரண்டாவது படம் எடுக்கப்பட்ட நேரத்தை அவற்றின் கீழ் எழுதினேன்: பிற்பகல் 5.26.