ஞாயிற்றுக்கிழமை மணிக்கட்டு

போபோடியில் ரயில்வே கேட்டுக்குப் பின்சந்தில் குடியிருந்த ஜெனிபருக்கு அந்த ஜனவரியில் வயது பதின்மூன்று. அவளுடைய இடது மணிக்கட்டுக்கு நாற்பத்தொன்று. இது தெரியவந்தது ஒரு வியாழக்கிழமை, காலை பதினொன்றரை மணிக்கு, ஓர் எக்ஸ்ரே கூடத்தில். அன்றைக்கு வெங்காயம் கிலோவுக்கு எட்டு ரூபாய் ஏறியிருந்தது. சந்தில் அதைத்தான் அதிகம் பேசினார்கள்.

படம் எடுக்கச் சொன்னது லீக். பதினாலு வயதுக்குட்பட்ட பெண்களுக்கான எலைட் கால்பந்து லீக்கில் பிறந்த தேதிச் சான்றிதழை யாரும் மதிப்பதில்லை. காகிதத்தில் எந்த வயதையும் எழுதலாம் என்பது எல்லாருக்கும் தெரியும். எலும்பில் எழுத முடியாது. ஆகவே இந்த வருடத்திலிருந்து ஆடவரும் ஒவ்வொரு பெண்ணும் சீசனுக்கு ஒருமுறை இடது மணிக்கட்டைத் தகட்டில் வைக்க வேண்டும். வயது கூடுதல் என்று படம் சொன்னால் இரண்டு வருடம் எந்த மைதானத்திலும் கால் வைக்க முடியாது. ஜெனிபர் ஆடிய கிளப்பில் மற்றப் பிள்ளைகள் பாணேரிலிருந்தும் ஔந்திலிருந்தும் காரில் வந்து இறங்கினார்கள். அவர்களுடைய தண்ணீர் பாட்டிலில்கூடப் பெயர் அச்சடித்திருந்தது. ஜெனிபர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்தாள். கிளப்பில் கட்டணம் இல்லாத இடம் ஒன்றே ஒன்று. பூட்ஸும், விடுதியும், பத்தாம் வகுப்புவரை பள்ளிக்கூடமும் அந்த இடத்தோடு வரும். ஏரவாடாவிலிருந்து வந்த நஸ்ரின் என்ற இன்னொரு கோல்கீப்பர் பெஞ்சில் உட்கார்ந்து அதே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பயிற்சியாளர் கௌஷிக் ஒளிவுமறைவு இல்லாத ஆள். படம் சரியில்லை என்றால் அன்று மாலையே இடம் நஸ்ரினுக்குப் போகும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

அதனால்தான் ஜெனிபரின் அம்மா மரியம்மாள் ஷிப்டை விட்டுவிட்டுக் கூடவே வந்தாள். அவள் ரஞ்சன்காவில் ஒரு கம்பெனி கேன்டீனில் சப்பாத்தி தேய்ப்பவள். ஒரு ஷிப்டுக்கு அறுநூறு சப்பாத்தி. காலை ஐந்து மணிக்குக் கான்டிராக்டரின் வேன் போபோடி சிக்னலில் வந்து நிற்கும், அது அரை நிமிடம்தான் நிற்கும். ஆறு வருடத்துக்கு முன்பு அந்த வேனின் கதவு அவளுடைய இடது மணிக்கட்டின் மேல் மூடியது. லீவு போட்டால் வேலை போய்விடும் என்று மறுநாளே துணியைச் சுற்றிக்கொண்டு போனாள். எலும்பு தானாகக் கூடியது, கோணலாகக் கூடியது. நான்கு வருடம் அந்த வலியோடு தேய்த்தாள். பிறகு ஒரு செப்டம்பரில் வலி சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டது. மாதா கண் திறந்தாள் என்று மரியம்மாள் மாதம் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி வந்தாள்.

டாக்டர் சுப்ரஜா கோயம்புத்தூர்க்காரி. அந்த மராத்தி ஊரில் இவர்கள் பேசிக்கொண்ட தமிழைக் கேட்டதும் அவருக்கு முகம் மலர்ந்தது. படத்தை விளக்கில் மாட்டியதும் மலர்ந்த முகம் சுருங்கியது.

"பாப்பாவுக்கு வயசு எத்தனைங்க?"

"பதிமூணும்மா."

"இந்தக் கைக்கு நாப்பது தாண்டிருச்சுங்களே. எலும்பெல்லாம் மூடிக்கிச்சு, மூட்டு தேஞ்சு கிடக்குது. இது எப்ப முறிஞ்சது? யாருங்க இப்படிக் கோணலாக் கூட விட்டது?"

ஜெனிபருக்கு எந்த எலும்பும் முறிந்ததில்லை. மரியம்மாள் படத்தின் அருகே போய் அந்தக் கோணலைப் பார்த்தாள். மழைக்காலத்தில் எந்த முனை குத்தும், மாவு இறுகலாக இருந்தால் எந்தப் பக்கம் இழுக்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடி. சொந்த வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் பார்த்தவள் மாதிரி நின்றாள். பிறகு கேட்காமலே தன் இடது கையைத் தகட்டில் வைத்து, "இதையும் ஒண்ணு எடுங்கம்மா" என்றாள். டாக்டருக்கும் பார்க்க வேண்டியிருந்தது. வந்த படத்தில், வளர்வதற்கு இன்னும் இடம் விட்டு, ஊறவைத்த அரிசிபோல வெள்ளை வெளேரென்று ஒரு சிறுமியின் எலும்புகள் இருந்தன. டாக்டர் இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார், ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தார். "ரெண்டு படமும் சரியாத்தானுங்க இருக்குது. ஆனா லீக்குக்கு உங்க கை வேண்டாம், பாப்பா கைதான் வேணும்" என்றார். 'படம் தெளிவில்லை, அடுத்த வியாழன் பத்து மணிக்கு மறுபடம்' என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். அதற்கு மேல் தன்னால் எழுத முடியாது என்பதையும் சொல்லிவிட்டார்.

பஸ் ஸ்டாப்பில் மரியம்மாள் மகளின் கையைப் பிடித்து அழுத்தினாள். பிள்ளை உதட்டைக் கடித்தது.

"ஏட்டி, வலிக்கா?"

"தோடா தோடா தான் மம்மி, கொஞ்சம்தான்."

"எத்தன நாளா?"

"அந்த ஃபீஸ்ட்லேர்ந்து."

அந்தத் திருவிழா இரண்டு வருடத்துக்கு முந்தியது. மாதா கோவில் வாசலில் கடை போட்டு மெழுகுக் கை, மெழுகுக் கால், மெழுகுக் கண், மெழுகு வீடு எல்லாம் விற்பார்கள். எது நோகிறதோ அதை வாங்கி ஏற்றி வைப்பது வழக்கம். அன்றைக்கும் மரியம்மாளுக்கு ஷிப்ட் இருந்தது. பதினொரு வயது ஜெனிபரை அனுப்பி ஒரு கை வாங்கி ஏற்றிவிட்டு வரச் சொன்னாள். பெரிய கைகள் தீர்ந்துபோயிருந்தன. கடைக்காரி சின்னப் பிள்ளைக் கை ஒன்றை எடுத்து நீட்டி, கை என்றால் கைதான், யாருக்கு என்று மாதாவுக்குத் தெரியாதா என்று இந்தியில் கேட்டாளாம். மாதாவுக்குத் தெரியவில்லை. சின்னக் கை உருகியது, வலியும் அது காட்டிய அளவுக்குப் பொருத்தமான ஜெனிபரின் கைக்குப் போய்ச் சேர்ந்தது, மணிக்கட்டோடு. அதே மாதம்தான் கௌஷிக் போபோடி மைதானத்தில் பையன்கள் அடித்த பந்துகளை ஒற்றைக் கையால் தட்டிவிட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணைப் பார்த்தார். தினம் அறுநூறு சப்பாத்தி தேய்த்த மணிக்கட்டுக்கு அந்தப் பந்துகள் ஒரு பொருட்டாக இல்லை. கிளப்பில் அவள் பெயர் 'சுவர்'.

"நீ ஏன்ட்டி சொல்லல?"

"சொன்னா நீ திருப்பி வாங்கிப்பே. அந்தக் கை இல்லேன்னா நான் யாரு மம்மி? நஸ்ரின் என்னவிட ஹைட்டு."

"இந்தக் கையோட படம் எடுத்தா ரெண்டு வருசம் வீட்ல கெடப்பட்டி. எவ ஒனக்குப் பந்து போடுவா?"

"நீ வலியோட ரஞ்சன்காவ் எப்டி போவே?"

"நாலு வருசம் போவலியா? என் வலி எனக்கு வேணும். அத வச்சுக்கிட்டு நீ என்ன செய்ய?"

பஸ் வந்தது. பிள்ளை ஏறி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். மூன்று நாள் அம்மாவோடு பேசவில்லை.

வலியைத் திருப்பி வாங்கப் பெரிய மெழுகுக் கை ஒன்றை ஏற்ற வேண்டும், ஜனவரியில் அதை விற்பவர்கள் கிடையாது. மரியம்மாள் கட்கி பஜாரில் அலைந்து பார்த்தாள், கேட்ட கடைகளில் எல்லாம் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது. அன்று கேன்டீனில் இரண்டாம் பந்திக்குப் பிசைந்து வைத்திருந்த மாவைப் பார்த்தபோதுதான் அவளுக்குத் தோன்றியது. மாவை இறுகலாக அடித்து, இடது கையை முன்கை பாதிவரை அதில் புதைத்து, தடம் கலையாமல் உருவி எடுத்தாள். பதினெட்டு மெழுகுவர்த்திகளை டீ கெட்டிலில் உருக்கி அந்தக் குழியில் ஊற்றி, நடுவில் திரியைத் தொங்கவிட்டாள். அரை மணி நேரத்தில் மாவுக்குள்ளிருந்து பெரிய கை வந்தது, ரேகையோடு, வெட்டுத்தழும்போடு. மாவை வீணாக்க முடியாது, அதையும் தேய்த்துப் போட்டாள். அன்று நாற்பது பேர் சப்பாத்தியில் ஏதோ வழவழப்பாக இருக்கிறது என்றார்கள், ஒருவரும் மிச்சம் வைக்கவில்லை.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குக் கோவில் வாசலில் கையை நிறுத்தி ஏற்றினாள். ஜெனிபர் பள்ளிச் சீருடையில் பக்கத்தில் நின்றாள். அவளுடைய கை பாவாடைப் பையில் இருந்தது. சொந்த வார்ப்பு என்பதால் மெழுகு கனம்; நிதானமாகத்தான் உருகியது. எட்டு மணிக்குச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் போயின. மரியம்மாளுக்குத் தன் இரண்டு விரல்களில் எறும்பு ஊர்வது போலிருந்தது. எட்டரைக்குக் காற்று வந்து திரியை அணைத்தது. ஏற்றினாள், மறுபடியும் அணைந்தது. மூன்றாவது தடவை தீப்பெட்டியில் ஒரே குச்சி இருந்தது. ஜெனிபர் அம்மாவைப் பார்த்தாள். அணையட்டும் என்று அவள் நின்றிருக்கலாம். பையிலிருந்து கையை எடுத்துச் சுடரைச் சுற்றி மறைத்துப் பிடித்தாள். ஒன்பது மணிக்கு உள்ளங்கை உட்கார்ந்தது. எக்ஸ்ரேவுக்குக் கூட்டிப்போகக் காத்திருந்த ஆட்டோக்காரன் இரண்டு முறை ஹாரன் அடித்தான். மணிக்கட்டு மட்டும் நின்றது. ஒன்பது இருபதுக்கு அது ஒருபக்கமாகச் சரிந்தது, மரியம்மாளின் கையில் மறுபடியும் வேன் கதவு மூடியது. 'அம்மா' என்று உட்கார்ந்துவிட்டாள். வலி சரியான இடத்தில், அதே கோணலில் இருந்தது. ஆட்டோவில் போகும்போது இருவரும் அழுதார்கள், ஆட்டோக்காரன் கோவில் பக்கம் வண்டியை விட்டதற்காக வருந்தினான். புதுப் படத்தில் மணிக்கட்டுக்கு வயது பன்னிரண்டு வருடம் ஒன்பது மாதம். டாக்டர் சுப்ரஜா கையெழுத்துப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை முதல் ஆட்டம். மரியம்மாளுக்கு ஞாயிறு விடுமுறை. முன்பெல்லாம் அன்றைக்கும் ஓவர்டைம் போவாள், இப்போது கை இடம் கொடுக்கவில்லை. அதனால் முதல் தடவையாக மகளின் ஆட்டத்துக்கு வந்து கோல் வலைக்குப் பின்னால் நின்றாள். வந்திருக்க வேண்டாம் என்று இருபது நிமிடத்தில் நினைத்தாள். ஜெனிபரின் புதுக் கை அவள் சொன்னபடி கேட்கவில்லை. முதல் பந்து விரலை மடக்கிக்கொண்டு உள்ளே போனது, இரண்டாவது கைக்கடியில் போனது. கார்களில் வந்த பெற்றோர்கள் சுவருக்கு என்ன ஆயிற்று என்றார்கள். இடைவேளைக்குப் பிறகு ஜெனிபரின் அணி அந்த இரண்டு கோலையும் திருப்பிப் போட்டது. கௌஷிக் அந்தப் பக்கம் பார்க்காமலே நஸ்ரினை எழுந்து உடம்பைச் சூடேற்றச் சொன்னார். முடிய நான்கு நிமிடம் இருக்கும்போது நடுவர் பெனால்டி கொடுத்தார். நஸ்ரின் மேல்சட்டையைக் கழற்றிவிட்டுக் கோட்டருகே வந்து நின்றாள். இந்தப் பந்து உள்ளே போனால் ஜெனிபர் வெளியே.

உதைக்க வந்தவள் இவளைவிட ஒரு தலை உயரம். பந்தை வைத்துவிட்டுப் பின்வாங்கினாள். ஜெனிபர் ஒரு கணம் வலைப்பக்கம் திரும்பினாள். அழாமல் இருப்பதற்காக முகத்தை இறுக்கிக்கொண்டிருந்தாள். மரியம்மாள் வேண்டிக்கொள்ளவில்லை, மாதாவை நடுவில் விட்டால் என்ன ஆகும் என்று பார்த்தாகிவிட்டது. பக்கத்து வீட்டுக்குப் பூரிக்கட்டை கொடுப்பது போல இடது கையை வலைக்குள் நீட்டினாள்.

"ஏட்டி, இந்தா. மேட்ச் முடிஞ்சதும் குடுத்துரு. காலையில எனக்கு வேல கெடக்கு."

பந்து இடது மூலைக்கு, தரையோடு வந்தது. ஜெனிபர் விழுந்தாள். கேட்ட சத்தம் பந்து கையில் படுகிற சத்தமில்லை. கல்லில் மாவு உருண்டையை அறைகிற சத்தம். பந்து கோட்டுக்கு வெளியே உருண்டு நஸ்ரினின் காலடியில் நின்றது. நஸ்ரின் அதைச் சற்று நேரம் பார்த்தாள், பிறகு எடுத்து மூலைக்கு எறிந்துவிட்டு மேல்சட்டையைப் போட்டுக்கொண்டாள். ஆட்டம் இரண்டுக்கு இரண்டு என்று முடிந்தது. கைகுலுக்கும்போதே ஜெனிபர் மணிக்கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அதன்பின் ஏற்பாடு அப்படியே நிலைத்துவிட்டது. வாரத்தில் ஆறு நாள் மணிக்கட்டு ரஞ்சன்காவ் போய் வருகிறது. ஞாயிறு காலை எட்டிலிருந்து பத்துவரை மகளிடம் இருக்கிறது. மரியம்மாள் வலைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து அந்த இரண்டு மணி நேரமும் வலியில்லாமல் கடலை உரித்துச் சாப்பிடுகிறாள். லீக்கின் எலும்புச் சோதனை வியாழக்கிழமைகளில் நடப்பதால் யாருக்கும் சிக்கலில்லை. திங்கட்கிழமைகளில் மட்டும் கேன்டீன் சப்பாத்தியில் பந்தின் கட்டங்கள் பதிந்து வருகின்றன. கம்பெனிக்காரர்கள் அதைப் பிய்த்துப் பருப்பில் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டு, நேற்று எத்தனை கோல் விட்டாள் என்று மட்டும் கேட்கிறார்கள்.