கிளிஃபர்ட் சொன்ன சாட்சி

என் அப்பாவைப் பெற்றவள் ஹில்டா நிமோனியாவில் செத்துப்போனாள் என்றுதான் அறுபது வயது வரை நம்பியிருந்தேன். அப்பா அப்படித்தான் சொல்லியிருந்தார். குடும்ப வரலாற்றை எழுதலாம் என்று உட்கார்ந்தபோது அவளுடைய இறப்புச் சான்றிதழை வரவழைத்தேன். ‘கால்வாயில் மூழ்கி மரணம். மரண விசாரணை நடந்தது. பிப்ரவரி 1947.’

அப்பாவிடம் அதைக் காட்டினேன். நான்காம் நாள் காலையில் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

“அந்த விசாரணைக் காகிதமெல்லாம் எங்கயாவது இருக்குமா, ஜில்?”

“இருக்குப்பா. எழுபத்தஞ்சு வருஷம் பூட்டி வெச்சிருந்தாங்க. போன வருஷம்தான் திறந்துவிட்டாங்க. எழுதிக் கேட்டிருக்கேன்.”

“நானும் வரேன்.”

லங்காஷயர் ஆவணக் காப்பகத்தில் எங்களுக்கு ஜன்னலோர மேசை கிடைத்தது. காப்பாளர் பெண் நாடா கட்டிய மெல்லிய கட்டு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். முடிச்சை அவிழ்க்கப் போனேன். அப்பா உள்ளங்கையால் கட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டார். எண்பத்தைந்து வயதுக் கை. ஆனால் என்னால் அசைக்க முடியவில்லை.

“திறக்காதடி. முதல்ல நான் சொல்றதைக் கேளு. அந்த விசாரணையில நான் பொய் சொன்னேன்.”

“உனக்கு அப்போ எட்டு வயசுப்பா!”

“எட்டோ எண்பதோ, பொய் பொய்தான்.” குரலைத் தாழ்த்தினார். “அன்னிக்கு சாயங்காலம் ரெண்டு பேருக்கும் பெரிய சண்டை. அடுப்படிக் கதவை சாத்திக்கிட்டு கத்தினாங்க. அப்புறம் அம்மா தொப்பிகூடப் போடாம வெளியே போனா. கால்வாய் பக்கமா போனா. மறுநாள்தான் தூக்கிட்டு வந்தாங்க. எங்கப்பன் என்னை உட்கார வெச்சு, ‘நெல்லி சித்தி வீட்டுக்குப் போறேன்னு அம்மா சொன்னா, அதை மட்டும் சொல்லு’ன்னான். சித்தி வீடு நேரெதிர் திசை. அவளாத்தான் போய்க் கால்வாயில விழுந்துட்டா, ஜில். எங்கப்பன்தான் விழ வெச்சான். அதை மறைக்க என்னைப் பயன்படுத்திக்கிட்டான்.”

அதனால்தான் பதினைந்து வயதில் தகப்பன் முகத்தில் துப்பிவிட்டு வீட்டைவிட்டு வந்தார் என்பதும், அந்தத் தகப்பனின் சாவுக்குக்கூடப் போகவில்லை என்பதும் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. கையை மெல்ல எடுத்தார்.

முதல் தாள் அவர் சொன்ன சாட்சி. நான்கே வரி. ‘கிளிஃபர்ட் ஹார்கிரீவ்ஸ், வயது எட்டு.’ கீழே, ‘சிறுவன் வெளியே அனுப்பப்பட்டான்.’

“ஆமா, வராந்தாவுல உட்கார வெச்சாங்க,” என்றார். “மேல படி.”

அடுத்தது கால்வாயிலிருந்து உடலை எடுத்த காவலர் சொன்னது. பனிக்கட்டி உடைந்த இடம் கரையோரமாக இல்லை, உறைந்த கால்வாயின் நடுவில் மாட்டிக்கொண்டிருந்த நிலக்கரிப் படகின் பக்கத்தில். இறந்தவளின் கோட்டுக்குள் இடுப்பைச் சுற்றி ஒரு சாக்கு கட்டியிருந்தது. சாக்கு நிறைய நிலக்கரி.

நான் படிப்பதை நிறுத்தினேன்.

“படிடி.”

மூன்றாவது சாட்சி வில்ஃப்ரட், அப்பாவின் அப்பா. முதல் இரண்டு வரி நெல்லி வீட்டுக் கதைதான். அதற்குப் பிறகு, ‘சாட்சி சிறிது நேரம் பேசவில்லை’ என்று எழுதியிருந்தது. பிறகு இப்படி: ‘வீட்டில் நான்கு நாளாகக் கரி இல்லை. கைக்குழந்தைக்கு நெஞ்சுச் சளி. மூச்சு விடவே திணறியது. நான் ஒருமுறை கரி திருடிப் பிடிபட்டவன். மறுபடி பிடிபட்டால் வேலை போய்விடும். தானே போவதாக அவள் சொன்னாள். நான் வேண்டாம் என்றேன், சண்டை போட்டேன். கடைசியில் போக விட்டேன். பையனைப் பொய் சொல்ல வைத்ததும் நான்தான்.’

தீர்ப்பு, விபத்தினால் மரணம். ஓரத்தில் பென்சிலால் ஒரு குறிப்பு: கரி விஷயத்தை அச்சிட வேண்டாம் என்று பத்திரிகைக்காரர்களைக் கேட்டுக்கொண்டாராம் விசாரணை அதிகாரி.

அப்பா தாளைத் தன் பக்கம் இழுத்துத் தானே ஒருமுறை படித்தார். உதடு அசைந்தது. பிறகு நாற்காலியை வேகமாகத் தள்ளிவிட்டு எழுந்தார். அறையே திரும்பிப் பார்த்தது.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அந்த ஆள்! பெத்த புள்ளைகிட்ட ஒரே ஒரு வார்த்தை! வாயில என்ன கொழுக்கட்டையா?”

காப்பாளர் பெண் ஓடிவந்தாள். “ஐயா, தண்ணி ஏதாவது…”

“தண்ணியா? போதும்மா, வேண்டிய மட்டும் பார்த்தாச்சு.”

காரில் ஏறியதும் அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. ஊர் எல்லை தாண்டின பிறகு நான்தான் பேச்செடுத்தேன்.

“டோரின் அத்தைகிட்ட நானே சொல்லட்டுமா?” கனடாவில் இருக்கும் அவருடைய தங்கை. ஞாயிறுதோறும் கூப்பிடுவாள்.

“என்னத்தை சொல்லுவே?”

“உண்மையத்தான். அவங்க அம்மாவும்தானே?”

“அந்தக் கைக்குழந்தை யாருன்னு நினைச்சே?”

பிரேக்கை அழுத்தி ஓரமாக நிறுத்தினேன். எனக்கு அது தோன்றவே இல்லை.

“எழுபத்தேழு வயசு அவளுக்கு. ‘உன் மூச்சுக்காகத்தான் உங்கம்மா போனா’ன்னு சொல்லப்போறியா? சொல்லிப் பாரு, அப்புறம் என் முகத்துல முழிக்காதே.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்: “இதனாலதான் அந்த ஆளும் வாயைத் திறக்கல போல. நான் அவகிட்ட உளறிடுவேன்னு பயந்திருப்பான். உளறித்தான் இருப்பேன்.”

காப்பகத்தில் என்ன கிடைத்தது என்று கேட்க ஞாயிற்றுக்கிழமை அத்தை கூப்பிட்டாள். நான் போனை எடுப்பதற்குள் அப்பா பிடுங்கிக்கொண்டார். “ஐஸ்ல கால் வெச்சிருக்கா, உடைஞ்சிடுச்சு. அவ்வளவுதான் எழுதியிருக்கு,” என்றார். அந்தப் பக்கம் அத்தை அழுவது எனக்கும் கேட்டது.

குடும்ப வரலாறு பாதியில் நிற்கிறது. எப்போது முடிப்பாய் என்று அத்தை வாராவாரம் கேட்கிறாள். கண் வலிக்கிறது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.