சவத்த விடுங்க அக்கா

1

இந்தக் கதையை எழுதும் எண்ணம் எனக்கு இல்லை. காவல் நிலையத்தில் ஒரு பக்கத்துக்கு வாக்குமூலம் எழுதித் தரச் சொன்னார்கள். மூன்று நாளாகத் தாளை வைத்துக்கொண்டு உட்காருகிறேன். வாக்குமூலம் வர மாட்டேனென்கிறது, கதைதான் வருகிறது. நாளைக் காலை பத்து மணிக்குத் தாள் அங்கே போய்ச் சேர வேண்டும். அதனால் முதலில் கதையை எழுதித் தொலைத்துவிடுகிறேன்.

முதல் தொடக்கம் இது:

“சங்கரன்கோவிலில் ஞானஒளிவு என்றொரு தமிழாசிரியர் இருந்தார். தெரு வாட்ஸப் குழுவுக்கு அவர்தான் அட்மின். ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவர்”

இதை இங்கேயே விட்டுவிட்டேன். ஞானஒளிவு என்று யாரும் இல்லை. பெயரிலேயே ஒளிவு இருக்கிறதே, உள்ளே போய் ஒளிந்துகொள்ளலாம் என்று பார்த்திருக்கிறேன். அந்த வாத்தியார் நான்தான். பெயர் ஜெர்சோன்.

2

இரண்டாவது தொடக்கம், கொஞ்சம் கட்டுரை மாதிரி:

“போன ஆகஸ்டில் எங்கள் வாசகர் வட்டத்தில் கருத்துச் சுதந்திரம் பற்றி முக்கால் மணி நேரம் பேசினேன். ஒருவன் வாயைப் பொத்துகிற கை எந்தக் கையானாலும் அது குற்றமுள்ள கை என்றேன். கை தட்டினார்கள். சால்வை போர்த்தினார்கள்.”

(அடிக்குறிப்பு: அரசியலமைப்பில் பேச்சுரிமை ஓர் உட்பிரிவில் இருக்கிறது, அதன் வரம்புகள் அடுத்த உட்பிரிவிலேயே இருக்கின்றன. நான் முதல் உட்பிரிவோடு முடித்துக்கொண்டேன். டீ வந்துவிட்டது.)

இந்தத் தொடக்கம் உண்மைதான். ஊருக்கு உபதேசம் என்ற அளவில் உண்மை. ஆனால் கதை சால்வையில் தொடங்கவில்லை, சுவரில் தொடங்குகிறது.

3

எங்கள் சந்தில் வீரபாண்டி அண்ணாச்சியின் தறிக்கூடம் இருக்கிறது. அதன் பின்சுவரை ஒட்டித்தான் தெருக்காரர்கள் எல்லாரும் நடந்து போவோம். ஐப்பசி மழையில் அந்தச் சுவர் வெடித்திருந்தது. பூ மார்க்கெட்டில் பூ வாங்கிக் கட்டி விற்கும் சங்கரேஸ்வரி அக்கா அதைப் பார்த்துவிட்டு, செவ்வாய்க்கிழமை குழுவில் குரல் பதிவு ஒன்று போட்டாள். வீரபாண்டி அண்ணாச்சியும் அதே குழுவில் இருக்கிறார். பதிவு ஒரு நிமிஷம் பத்து நொடி. ஞாபகத்திலிருந்து எழுதுகிறேன்:

“வீரபாண்டி அண்ணாச்சி, நேர்ல வந்தா ஒங்களப் பாக்க முடியல, அதான் இதுல சொல்லுதேன். ஒங்க தறிக்கூடத்துப் பின்செவரு வெடிச்சிட்டு. என் கை முழுசா உள்ள போவுது. பிள்ளைய எல்லாம் பள்ளிக்கூடம் போற வழி. எவன் தலையில விழப் போவுதோ தெரியல. கொஞ்சம் செவத்தப் பாருங்க. மகளையே பாக்கத் தெரியாதவரு செவத்தயா பாக்கப் போறாரு, அந்தப் பிள்ள [                    ]”

அடைப்புக்குள் ஒரு வாக்கியம் இருந்தது. பதினைந்து நொடி. அண்ணாச்சியின் மகளைப் பற்றியது.

உண்மையா பொய்யா என்று கேட்கிறீர்களா? நானும் அப்படித்தான் முதலில் யோசித்தேன். அந்த யோசனையிலேயே சுவர் என் புத்தியிலிருந்து இறங்கிவிட்டது.

அட்மின் என்பதால் யார் பதிவையும் என்னால் அழிக்க முடியும். நான்கு நிமிஷத்துக்குள் அழித்தேன். அந்தப் பெண்ணின் மானத்தை நினைத்துத்தான் [இல்லை. அவளை இரண்டாவதாகத்தான் நினைத்தேன். நான் குடியிருப்பது வீரபாண்டி அண்ணாச்சியின் கீழ்வீட்டில். வாடகைக்கு.] அழித்தேன். அழித்த கையோடு கீழே ஒரு வரி எழுதினேன்:

“சவத்த விடுங்க அக்கா. குரூப்ல இதெல்லாம் வேண்டாம்.”

அன்றைக்கே மாடி ஏறிப் போய், “அண்ணாச்சி, பின்செவரு வெடிச்சிருக்காம்” என்று நான் சொல்லியிருக்கலாம். பதினெட்டுப் படிகள்தான். சொல்லவில்லை.

4

திருநெல்வேலிச் சீமைக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்காக: எங்கள் பக்கம் “சவத்த விடு” என்றால் சனியனை விடு, பேச்சை விடு என்று பொருள். தொலைந்த பேனாவும் சவம்தான், ஓடாத மிக்ஸியும் சவம்தான். வீட்டுக்கு வீடு புழங்குகிற சொல். யாரும் அதில் பிணத்தைக் காண்பதில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு அந்தச் சுவர் விழுந்தது. டீ வாங்கத் தூக்குவாளியோடு போய்க்கொண்டிருந்த சங்கரேஸ்வரியின் புருஷன் மருதப்பன் அடியில் சிக்கிச் செத்துப்போனார்.

என் வரிக்குப் பிறகு மூன்று நாளாகக் குழுவில் யாரும் எதுவும் போடவில்லை. வெள்ளி ராத்திரி யாரோ மருதப்பனின் படத்தைப் போட்டு ‘கண்ணீர் அஞ்சலி’ என்று எழுதினார்கள். இப்போது திரையில் இருப்பதைப் பாருங்கள். ‘அட்மின் ஜெர்சோன் இந்தச் செய்தியை நீக்கிவிட்டார்.’ அதன் கீழே, ‘சவத்த விடுங்க அக்கா.’ அதன் கீழே, மாலை போட்ட மருதப்பன்.

வீரபாண்டியைக் கைது செய்யாமல் உடலை வாங்க மாட்டோம் என்று ஆஸ்பத்திரி வாசலில் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்த நேரம் அது. தேதியை வெட்டிவிட்டு யாரோ அந்தத் திரையைப் படம் பிடித்துப் பரப்பிவிட்டார்கள். சங்கரேஸ்வரியின் தம்பி சுடலைராஜ் பனவடலிசத்திரத்துக்காரர், அச்சு அசலாய் இந்தச் சீமைத் தமிழ் பேசுகிறவர். அங்கே துக்கம் கேட்கப் போயிருந்த என் முகத்துக்கு நேராக அவரே போனை நீட்டினார்.

“வே வாத்தியாரே, சவத்த விடச் சொல்லுததுக்கு நீரு யாருவே?”

நான் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். என்ன சொல்வது? நான் சொன்ன சவம் அந்தச் சவம் இல்லை என்றா? பிணவறை வாசலில் நின்றுகொண்டு? அவள் கெஞ்சியது செவத்தை. நான் எழுதியது சவத்தை. இரண்டுக்கும் நடுவில் ஒற்றைக் கொம்புதான் இருக்கிறது. இருபது வருஷமாகப் பிள்ளைகளின் கட்டுரை நோட்டில் நான் சிவப்பு மையில் திருத்துகிற அதே கொம்பு.

5

பதினாறு முடிந்த மறுநாள் சங்கரேஸ்வரி அக்கா வீட்டுக்கு வந்தாள். சண்டை போடத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து என் மனைவி பிளஸ்ஸி கதவருகிலேயே நின்றாள்.

“சார், செவரு சரியில்லன்னு ஒரு சொல் காதுக்கு வரலன்னு அண்ணாச்சி ஸ்டேசன்ல சொல்லுதாரு. நான் பேசுனத மொபைல் கடையில குடுத்துத் தேடியாச்சு, கெடைக்கல. கேட்டவங்க ஏழெட்டுப் பேரு உண்டும். ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டேங்காங்க. அழிச்சது நீங்கதான? அப்ப கேட்டிருப்பீங்கள்ல. நான் என்ன பேசினேன்னு எழுதிக் குடுங்க.”

“எழுதுதேன்க்கா. செவத்தப் பத்திச் சொன்னத மட்டும் எழுதுதேன். அந்தக் கடைசி வரி வேண்டாம்.”

அக்கா தலையை ஆட்டி மறுத்தாள்.

“அந்தப் பிள்ளையச் சொன்னது தப்புத்தான் சார். எவளோ மார்க்கெட்டுல சொன்னத நானும் கோவத்துல சொல்லிட்டேன். அதையும் எழுதுங்க, சங்கரேஸ்வரிதான் சொன்னான்னு எழுதுங்க. பாதி எழுதினா அது நான் பேசுனது இல்ல, நீங்க பேசுனது. ஒரு தடவ அழிச்சது காணாதா, இன்னொரு தடவ வேற அழிக்கணுமா?”

அவள் போன பிறகு பிளஸ்ஸி, “ஒங்களுக்கு இந்த வீடு போயிரும்னு பயமா, அந்தப் பிள்ள மேல எரக்கமா? எதுன்னு மொதல்ல அத எழுதுங்க” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

6

வாக்குமூலத்தின் முதல் வரைவில் சுவரைப் பற்றி மட்டும் எழுதினேன். எந்த வக்கீலும் கேட்கிற முதல் கேள்வி, “நல்ல எச்சரிக்கைதானே, பிறகு ஏன் அழித்தீர்?” என்பதுதான்.

இரண்டாவது வரைவில், “ஒரு பெண்ணைப் பற்றித் தகாத சொல்லும் இருந்ததால்” என்று சேர்த்தேன். எந்தப் பெண், என்ன சொல் என்று கேட்பார்கள். அந்த வீட்டில் மகள் ஒருத்திதான்.

மூன்றாவது வரைவில் முழுவதையும் எழுதினேன். எழுதி முடித்துப் படித்தபோது என் கையெழுத்தில் அந்த வரி இருந்தது. அவதூறுகள் இத்தனை அழகான கையெழுத்தில் இருக்கக் கூடாது. கிழித்துவிட்டேன். இந்த ஊரில் கோப்புக்குள் போன தாள் கோப்புக்குள்ளேயே இருந்ததாகச் சரித்திரம் இல்லை.

அப்புறம் இந்தக் கதைக்கு ஒரு நல்ல முடிவை யோசித்தேன்: வீரபாண்டி மனம் மாறி, “ஆமா, என் தப்புதான்” என்று [வேண்டாம். அண்ணாச்சியை எனக்குப் பன்னிரண்டு வருஷமாகத் தெரியும்.]

7

இன்று சாயங்காலம் அந்தப் பெண் படியிறங்கி வந்தாள். பத்தாம் வகுப்பில் என்னிடம் தமிழ் படித்தவள். இப்போது கல்லூரி இரண்டாம் வருஷம். பெயரைச் சொல்ல மாட்டேன். வாசல்படிக்கு உள்ளே வரவில்லை.

“சார், நாளைக்கு எழுதிக் குடுக்கப் போறீங்களாமே?”

தலையாட்டினேன்.

“அந்த வாய்ஸ நான் கேட்டேன் சார். அப்பா போனு அன்னைக்கு என் கையிலதான் இருந்துச்சு. நீங்க அழிக்கதுக்கு முந்தியே கேட்டுட்டேன். என்னச் சொன்னதுமே காது அடைச்சிட்டு. அழுதுகிட்டே போய்ப் படுத்துட்டேன். செவரு வெடிச்சிருக்குன்னு சொன்னது வெள்ளிக்கிழமைதான் ஞாவகம் வந்துச்சு. சத்தம் கேட்டப்புறம்.”

ஒரே வாக்கியம் எங்கள் இரண்டு பேரின் காதையும் அடைத்திருக்கிறது. நான் அழித்தேன், அவள் அழுதாள். சுவரைப் பார்க்கத்தான் யாரும் இல்லை.

“எங்கப்பாவுக்கு நெசமாவே தெரியாது சார். நான்தான் சொல்லல. அந்தக் கெட்ட வார்த்தய வேணா எழுதிக்கோங்க, நான் தாங்கிக்கிடுதேன். நான் கேட்டேன்னு மட்டும் எழுதிராதீங்க.”

8

எழுதிவிட்டேன். நீங்களும் படித்துவிட்டீர்கள்.

அவள் கேட்டதை வாக்குமூலத்தில் சேர்த்தால், எச்சரிக்கை அந்த வீட்டுக்குள் போய்ச் சேர்ந்தது என்று நிரூபணமாகிவிடும். சங்கரேஸ்வரியின் வழக்கு நிற்கும். பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி, ஒரு சாவைத் தன் தலையில் சுமந்துகொண்டு நீதிமன்றப் படியேற வேண்டியிருக்கும். அந்த அவதூறும் அவளோடு கூடவே ஏறும். சேர்க்காவிட்டால், நான் இரண்டாவது முறையாக அழிக்கிறேன். முக்கால் மணி நேரப் பேச்சில் இதற்கு எங்கேயாவது பதில் சொல்லியிருக்கிறேனா என்று குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தேன். சால்வைதான் இருக்கிறது.

எனவே அட்மின் பதவியை உங்களிடம் தருகிறேன். ஏழாம் பகுதியை அழிக்க வேண்டுமானால் அழியுங்கள். மூன்றாம் பகுதியின் அடைப்புக்குறிக்குள் என்ன இருந்திருக்கும் என்று நீங்களாகவே எதையாவது நிரப்பிவைத்திருந்தால், அதையும் சேர்த்து அழியுங்கள். எதை அழித்தாலும் அழித்த இடத்தில் ஒரு வரி நிற்கும், உங்கள் பெயரோடு. அதற்குக் கீழே அடுத்து என்ன வந்து நிற்கும் என்பது என் கையில் இல்லை.

தாள் மேஜைமேல் இருக்கிறது. ‘ஜெர்சோன் ஆகிய நான்’ என்பது வரை எழுதியிருக்கிறேன். ஒன்பதரைக்கு அக்கா வந்து கூப்பிடுவாள். அதற்குள் என்ன எழுதட்டும் என்று நீங்கள் சொல்லிவிட வேண்டும்.

எது வேண்டுமானாலும் சொல்லுங்கள். சவத்த விடுங்க சார் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.