வீரம்மாவால் ஆபத்து

சுப்புராஜ் வீரையாவுக்குத் தரவேண்டிய கூலிப் பாக்கி ஆயிரத்து எண்ணூற்றைம்பது ரூபாய். அதைக் கேட்கப் போன வீரையாவை மண்வெட்டிக் காம்பால் அடித்துக் கொன்றுவிட்டு அவன் ஆயுள் தண்டனைக்குப் போனான். பாக்கி அப்படியே நின்றது.

எட்டு வருஷம் கழித்து, செண்பகனூரில் கேரட் கழுவிக்கொண்டிருந்த வீரையாவின் பெண்சாதி வீரம்மாவைத் தேடி ஏட்டு ஞானவேல் வந்தார்.

“சுப்புராஜு பரோல் கேட்டிருக்கான்க்கா. மகளுக்குக் கல்யாணம். ஆறு நாளு. உங்களால அவன் உசுருக்கு ஆபத்து வருமா?”

“யாரு உசுருக்கு?”

“அவன் உசுருக்குத்தான்.”

“செத்தது எங்க வீட்டு ஆளுல்லங்க.”

“தெரியும்க்கா. விசாரணையில இதத்தான் கேக்கச் சொல்றாக.”

“எனக்குப் பயமாருக்கான்னு கேக்க மாட்டீகளா?”

“ஆட்சேபணைன்னு எழுதலாம். ஆனா மக கல்யாணம்னா பெரும்பாலும் விட்ருவாக.”

வேலைக்குப் போக வீரம்மா அவன் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். புருஷனைக் கொன்றவன் காலை நீட்டி உட்கார்ந்து டீ குடிப்பான். இவள் தலையைக் குனிந்துகொண்டு போகவேண்டும்.

“அப்ப எழுதுங்க. ஆபத்து உண்டு.”

ஏட்டு அவளுடைய வீங்கிய முட்டியைப் பார்த்தார். “என்ன மாதிரி ஆபத்துக்கா?”

“அத இப்பவே சொல்லிட்டா அவன் உசாராயிர மாட்டானா?”

பரோல் கிடைத்தது. கூடவே துப்பாக்கியோடு இரண்டு போலீஸ், மேற்பார்வைக்கு ஞானவேல். வீட்டைவிட்டுத் தலை காட்டக் கூடாதென்று உத்தரவு. மகள் கழுத்தில் தாலி ஏறும்போதும் சுப்புராஜ் இரண்டு காக்கிச் சட்டைகளுக்கு நடுவில்தான் நின்றான். பந்தியில் ஒரு பாத்திரம் விழுந்தால் போதும், “வந்துட்டாளா?” என்பான். டீக்கடைப் பெஞ்சில் வீரம்மாவுக்கு எழுந்து இடம் விட்டார்கள்.

மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்து, ஈரச் சேலையோடு நேரே அவன் வாசலுக்குப் போனாள். துப்பாக்கிக்காரர்கள் எழுந்தார்கள். சுப்புராஜ் பந்தல் காலுக்குப் பின்னால் ஒளிந்தான்; அவன் உடம்புக்கு அது போதவில்லை.

“அங்கயே நில்லுங்கக்கா!” என்றார் ஞானவேல்.

“நிக்கிறேன். எங்க வீட்டு ஆளு கூலிய வாங்கிக் குடுங்க.”

ஜெயிலில் வேலை பார்த்த காசிலிருந்து நாலு ஐந்நூறு ரூபாய்த் தாளை சுப்புராஜ் ஏட்டிடம் நீட்டினான். வீரம்மா அதை வாங்கி எண்ணி, முந்தானை முடிச்சை அவிழ்த்து மிச்சம் நூற்றைம்பதை வாசற்படியில் வைத்தாள்.

“இருக்கட்டும், வச்சுக்க தாயி,” என்றான் அவன், பந்தல் காலுக்குப் பின்னாலிருந்து.

“ஒன் காசு எனக்கு எதுக்குலே? பணம் தீந்துச்சு. மத்தத ஜெயிலுக்குள்ள போயிக் கழி.”

ஏட்டு பேனாவை எடுத்தார். “இப்ப ஆபத்து இல்லைன்னு எழுதிக்கவாக்கா?”

“அவசரப்படாதீக. அவன் போக இன்னும் நாலு நாளு கெடக்குல்ல,” என்று சொல்லிவிட்டு, நடுத்தெருவில் நடந்து வீட்டுக்குப் போனாள்.